தியானப் பயிற்சியும் கவன ஆற்றலும்

(ஆலயத் திருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கருவறையின் திரை விலகுகிறது. மணி ஒலிக்க, நாதசுரமும் தவிலும் உச்சத்தில் முழங்க, அடுக்குத் தீபம் எழுகிறது. அந்த நேரத்தில் மண்டபத்தில் நிற்கும் எவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதில்லை. இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு ஒளியையே நோக்குகிறது. அத்தனை கண்களும் ஓரிடத்தில் குவிகின்றன. மனங்களும் அவ்வாறே குவிகின்றன எனலாம். கற்பூரம் தணிந்து, தட்டு வெளியே வந்து, திருநீறு வழங்கத் தொடங்கிய மறு நிமிடமே, வண்டியை எங்கே நிறுத்தினோம், அன்னதான வரிசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற எண்ணங்கள் திரும்பி வந்துவிடுகின்றன.

இதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. மனத்தின் இயல்பு அது. ஆயினும் ஒரு வேறுபாட்டை இங்கே குறித்துக்கொள்ளுதல் நலம். தீபாராதனையின்போது ஒளியும் ஒலியும் கவனத்தை இழுக்கின்றன. மனம் இழுபட்டுச் செல்கிறது. இழுப்பதற்கு எதுவும் இல்லாத ஓரிடத்தில் ஒருவர் தாமே முயன்று கவனத்தை நிறுத்துவது வேறு. முன்னது ஈர்க்கப்படும் கவனம். பின்னது செலுத்தப்படும் கவனம். கைப்பேசியில் காணொளிகளை இரண்டு மணி நேரம் அசையாமல் பார்க்கும் பிள்ளையைச் சுட்டிக்காட்டி, "இவனுக்குக் கவனம் போதாது என்று ஆசிரியர் எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அந்தப் பிள்ளையிடம் ஈர்க்கப்படும் கவனம் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆசிரியர் தேடுவது மற்றதை.

இதனை ஆலயத்தில் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது நம் ஆலயங்களில் மாணவர்களுக்கெனச் சிறப்பு வழிபாடுகள் நடைபெறுகின்றன. பேனாவும் பென்சிலும் சுவாமியின் திருவடியில் வைத்து எடுத்துத் தரப்படுகின்றன. அது நல்ல வழக்கம். பிள்ளைக்குத் துணிவு தரும். அதனோடு அண்மைக் காலமாக, "தியானம் செய்தால் மதிப்பெண் கூடும்" என்ற பேச்சும் பரவி வருகிறது. தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது பிள்ளையைக் கண்மூடி உட்காரச் செய்து, மூன்றாம் நாளே, "என்ன, மனம் ஒருமைப்பட்டதா?" என்று கேட்கின்றனர். "இல்லை" என்கிறது பிள்ளை. "உனக்கு இது வராது" என்பதோடு முயற்சி முடிகிறது. தியானத்தின் பெயரால் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது, தன்னால் இயலாது என்ற ஒன்றைத்தான். இந்தத் தவற்றைத் தவிர்க்க வேண்டுமாயின், தியானம் கவனத்திற்கு என்ன செய்கிறது, சிந்தனைக்கு என்ன செய்கிறது, எதனைச் செய்வதில்லை என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும்.

செலுத்தப்படும் கவனம் பயிற்சியால் வளரும் என்பதற்குச் சுங்கை பூலோ மக்கள் நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. மூங்கில் ஆறு என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இவ்வூர் இரப்பரோடு வளர்ந்த ஊர். 1925இல் அமைக்கப்பெற்ற மலாயா இரப்பர் ஆய்வுக் கழகம் தன் சோதனைத் தோட்டத்தை இங்கேதான் வைத்திருந்தது. அந்நிலத்தில் இன்று குவாசா டமான்சாரா நகர் எழுந்து வருகிறது, எம்.ஆர்.டி. இரயிலும் ஓடுகிறது. அங்கும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் மரம் சீவியவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கக் கூடும்.

மரம் சீவும் வேலையைக் கருதிப் பாருங்கள். இருள் பிரியுமுன்னரே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் செல்ல வேண்டும். வெயில் ஏறுமுன் பால் நன்றாக ஓடும் நேரம் அது. உளி ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்திற்கே பட்டையைச் சீவி எடுக்க வேண்டும். உள்ளே, மரத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய வளர்படலத்தைத் தொடுவதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்பாகவே நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் மங்கில் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். மறுபட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பின்னாளில் அந்த இடத்தில் கோடு போட இயலாது. இவ்வாறு ஒரு மரம் அன்று. ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்கள். வீட்டுக் கவலையும் கடன் கவலையும் மனத்தை இழுத்துக்கொண்டு போகாமல் இருந்திருக்குமா? போயிருக்கும். அடுத்த மரத்தின் முன் நின்று உளியை வைத்த கணத்தில் மனம் உளியின் முனைக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பாவிட்டால் மரத்தில் காயம் தெரியும். பிரட்டுக் களத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த உழைப்பைத் தியானம் என்று புகழ்வது மிகையாகும். வறுமையும் அதட்டலும் கொசுக்கடியும் நிறைந்த வாழ்வு அது. மேலும், மரத்தடியில் பெற்ற கவனம் பெரும்பாலும் மரத்தடியிலேயே நின்றுவிடும். பால்மரத்தில் பிசகாத கைக்கு, மாலையில் ஒரு கடிதத்தைக் கூர்ந்து படிக்கும் பொறுமை தானாக வந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஒரு தொழிலில் பழகிய கவனம் அத்தொழிலுக்கே உரியது. அப்படியாயின், எந்தத் தொழிலையும் சாராமல், கவனத்தை மட்டுமே பயிற்சிப் பொருளாகக் கொண்டு பழக முடியுமா? நம் முன்னோர் இந்த வினாவை நெடுங்காலத்திற்கு முன்பே எழுப்பி, விடையும் கண்டனர்.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகள் கொண்ட யோகத்தை முறைப்படுத்திக் கூறுகிறார். இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை. இவற்றுள் தியானம் ஏழாவது படி என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஐந்தாவதாகிய பிரத்தியாகாரம், புறப்பொருள்களின் பின்னே ஓடும் புலன்களை உள்ளே திருப்புவது. ஆறாவதாகிய தாரணை, திருப்பிய மனத்தை ஓரிடத்தில் தாங்கிப் பிடிப்பது. பிடித்தது எண்ணெய் ஒழுக்குப் போல இடையறாது ஓடுமாயின் அதுவே தியானம். இந்த வரிசையை மனத்திற் கொண்டால், வகுப்பு என்ற பெயரில் பிள்ளைகளைக் கண்மூடி உட்கார வைப்பது பெரும்பாலும் பிரத்தியாகாரமும் தாரணையும்தான் என்பது விளங்கும். மனம் ஓடுவதும், ஓடியதை அறிவதும், மீட்டு வருவதும் இப்படிகளுக்கு உரிய வேலை. ஐந்தாம் படியில் நிற்கும் பிள்ளையிடம் ஏழாம் படியின் பயனை மூன்றாம் நாளில் எதிர்பார்ப்பது முறையன்று.

இந்நெறியை எளிய மக்களுக்கும் எடுத்துச் சொன்னவர்களுள் ஒருவருக்கு மலாயா மண்ணோடு நெருங்கிய உறவு உண்டு. பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில் 1887இல் குப்புசாமி என்ற பெயரோடு பிறந்து, தஞ்சாவூரில் மருத்துவம் பயின்று, 1913இல் கப்பலேறி இந்நாட்டிற்கு வந்தவர் அவர். சிரம்பான் பக்கத்தில் தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூர் பாருவிலும் தொண்டாற்றினார். பத்து ஆண்டுகள் கழித்து 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பி, ரிஷிகேசத்தில் துறவு பூண்டு, சுவாமி சிவானந்தர் ஆனார். 1936இல் அவர் தோற்றுவித்த தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் ஆசிரமம் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பத்துமலையில் இருக்கிறது.

சுவாமிகள் மருத்துவராக இருந்தவர் என்பது அவருடைய முறைகளில் நன்கு தெரிகிறது. மன ஒருமைப்பாட்டிற்கு அவர் கூறும் தொடக்கப் பயிற்சிகள் மிக எளியவை. கடிகாரத்தின் 'டிக் டிக்' ஓசையில் மனத்தை நிறுத்துவது அவற்றுள் ஒன்று. எல்லாவற்றையும் விடக் கருதத்தக்கது அவர் வகுத்த ஆன்மிக நாட்குறிப்பு. அது பக்திக் கட்டுரை எழுதும் ஏடு அன்று. கட்டம் போட்ட அட்டவணை. எத்தனை மணிக்கு எழுந்தீர், எத்தனை மணி நேரம் உறங்கினீர், எத்தனை மாலை செபம் செய்தீர், ஒரே ஆசனத்தில் எவ்வளவு நேரம் தியானத்தில் அமர்ந்தீர், எத்தனை பொய் சொன்னீர், எத்தனை முறை சினம் கொண்டீர் என்று நாள்தோறும் குறித்து, மாத இறுதியில் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை உடனே புலப்படும். மனிதன் தன் முயற்சியைப் பற்றித் தானே வைத்திருக்கும் எண்ணம் எப்போதும் சற்றுத் தாராளமானது. "நாள்தோறும் செய்கிறேன்" என்று மனமாரச் சொல்பவரின் ஏட்டைத் திறந்தால், மாதத்தில் ஒன்பது நாள்தான் இருக்கும்.

இனி, அறிவியலார் கண்டவற்றைப் பார்ப்போம். 1961இல் டில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகிய மூவர் யோகியரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தனர். ஆழ்ந்த நிலையில் இருந்தவர்களுக்கு அருகே ஒலி எழுப்பியும் ஒளி காட்டியும் அவர்தம் மூளை அலைகள் கலையவில்லை. இரு யோகியர் 4 பாகை செல்சியஸ் குளிர்நீரில் முக்கால் மணி நேரத்திற்கும் மேலாகக் கையை வைத்திருந்தனர். வியப்பான செய்திதான். ஆயினும் பள்ளி செல்லும் பிள்ளைக்கும் வேலைக்குச் செல்லும் தாய்க்கும் அதனால் நேரடியாகக் கிடைப்பது சிறிதே.

அவர்களுக்குப் பயன்படும் ஆய்வு 2012இல் வெளிவந்தது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள எமோரி பல்கலைக்கழகத்தார், தியானப் பயிற்சியில் பழகிய 14 பேரை மூளைப் படக் கருவிக்குள் படுக்க வைத்து, மூச்சைக் கவனிக்குமாறு கூறினர். மனம் வேறெங்கோ போய்விட்டதை உணரும் ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மூச்சுக்குத் திரும்ப வேண்டும். பழகியவர்களாயிற்றே, பொத்தானுக்கு வேலை இராது என்று எண்ணத் தோன்றும். அவர்களும் அழுத்திக்கொண்டேதான் இருந்தனர். மனம் அலைதல், அலைந்ததை அறிதல், மீட்டல், நிறுத்துதல் என்ற நான்கும் ஒரு சுற்றாக வந்தன. மூளையில் ஒவ்வொன்றிற்கும் தொழிற்பட்ட பகுதிகள் வெவ்வேறாக இருந்தன. அலையாத மனம் பழகியவர்க்கும் வாய்ப்பதன்று. அந்த 'அறிதல்' என்னும் கணமே பயிற்சியின் இதயம். பத்து நிமிடத்தில் மனம் முப்பது முறை ஓடியதென்று பிள்ளை சொன்னால், முப்பது முறை பிடித்துவிட்டான் என்று பாராட்ட வேண்டும். ஓடியதே தெரியாமல் இருப்பவன்தான் இன்னும் தொடங்காதவன்.

நெடுநாள் பயிற்சி என்ன செய்யும்? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 60 பேரைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். மூன்று மாதம் ஒதுங்கியிருந்து நாளும் பல மணி நேரம் தியானம் பயின்றவர்களுக்கு, மிகவும் சலிப்பூட்டும் தேர்வு ஒன்று வைக்கப்பட்டது. திரையில் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும், பெரும்பாலானவை நீளமானவை, எப்போதாவது வரும் சற்றே குட்டையான கோட்டைக் கண்டால் அழுத்த வேண்டும். அரை மணி நேரம் இவ்வாறே. பயிற்சி பெற்றவர்கள் நுண்ணிய வேறுபாட்டையும் கண்டுகொண்டனர். நேரம் செல்லச் செல்லத் தளர்வதும் குறைந்தது. 2010இல் வெளியான இம்முடிவுக்கு 2018இல் ஒரு தொடர்ச்சி வந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து அதே மக்களைச் சோதித்தபோது, பயிற்சியை விடாது தொடர்ந்தவர்களிடம் அந்தக் கவனம் பெரிதும் நிலைத்திருந்தது. முதியவர்களிடத்தும் வயதுக்கேற்ற தளர்ச்சி குறைவாகவே காணப்பட்டது. மேலும் மேலும் ஏறிக்கொண்டே போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏறிய உயரத்தில் நிற்பதற்கே நாளும் பயிற்சி தேவைப்பட்டது.

மாணவர்களுக்கு நெருக்கமான சான்று 2013இல் கிடைத்தது. கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா வளாகத்தில் 48 பட்டப்படிப்பு மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு வாரம் கவனப் பயிற்சியும், மற்றதற்கு ஊட்டச்சத்துப் பாடமும் நடத்தினர். பின்னர் வைத்த வாசிப்புத் தேர்விலும் நினைவுத் தேர்விலும் முதற்பிரிவினர் முன்னேறியிருந்தனர். குறிப்பாக, தொடக்கத்தில் மிகுதியாக மனம் அலைந்தவர்களே பெரும் பயன் பெற்றனர். முன்பே ஒருமைப்பாடு உள்ளவர்க்குப் பெரிய மாற்றமில்லை.

இதனைக் கேட்டு மகிழும் பெற்றோர் மறுபக்கத்தையும் கேட்டல் வேண்டும். 47 ஆய்வுகளையும், அவற்றில் பங்குபெற்ற 3,515 பேரையும் சீர்தூக்கிப் பார்த்த மருத்துவ மதிப்பீடு ஒன்று 2014இல் வெளிவந்தது. மனப்பதற்றம், மனச்சோர்வு, உடல்வலி ஆகியவற்றில் தியானம் ஓரளவு துணைபுரிகிறது என்று ஒப்புக்கொண்ட அம்மதிப்பீடு, கவனத்தைப் பொறுத்தவரை போதிய சான்று இல்லை என்றே கூறியது. 2022இல் பிரிட்டனிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு நடந்த பெரிய சோதனையில், வகுப்பறையில் கவனப் பயிற்சி பெற்றோரின் மனநலம் மற்றவர்களை விட மேம்படவில்லை. அம்மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சியைச் செய்யவே இல்லை என்பதும் தெரிய வந்தது. பாடவேளையில் ஆசிரியர் சொல்லக் கேட்டதோடு சரி. கட்டாயத்தின்பேரில் கேட்ட தியானம் கேள்வி ஞானமாகவே நின்றுவிட்டது.

இரு தரப்பையும் வைத்துப் பார்க்கையில், மெய்யாகத் தெரிவது இது: மிகுதியாகவும் விடாமலும் பயின்றவர்களிடத்துப் பயன் தெளிவாகத் தெரிகிறது, சிறிதளவாகவும் விட்டுவிட்டும் செய்தவர்களிடத்து மங்கலாகவே தெரிகிறது. மருந்துக் கடையில் வாங்கும் புட்டியைப் போல் தியானத்தை விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை, அவர்கள் காவி உடுத்தியிருந்தாலும்.

அடுத்து, சிந்தனைத் திறன். 'உயர்நிலைச் சிந்தனை' என்ற சொல் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எல்லாம் இப்போது புழங்குகிறது. கணக்கின் முதற்படியில் கிடைத்த விடையை மனத்தில் தாங்கியபடியே இரண்டாம் படியைச் செய்தால்தான் மூன்றாம் படிக்குச் செல்ல முடியும். நடுவே மனம் நழுவினால் தாங்கியது விழுந்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீண்ட பத்தியைப் படிப்பதும் அவ்வாறே. கணக்குத் தெரியாததனால் அன்றி, தாங்கியதை நழுவவிட்டதனாலேயே பிழை செய்யும் பிள்ளைகள் பலர். அவர்களுக்குத் தியானம் துணை செய்யக்கூடும். ஆனால் கணக்கே கற்காத பிள்ளைக்கு? உளியை எவ்வளவு தீட்டினாலும் பால் உளியிலிருந்து வருவதில்லை. மரத்தில் இருந்தால்தான் வரும். நூல்களைப் படிக்காமல், ஆசிரியரிடம் ஐயம் கேட்காமல், கண்மூடி அமர்வதால் மட்டும் அறிவு சுரக்காது. கல்விக்குரிய கலைமகளை ஏடும் கையுமாகத்தான் நம் மரபு வைத்திருக்கிறது. மறுகையில் செபமாலையும் உண்டு.

ஆலயங்கள் இதில் என்ன செய்யலாம் என்ற கேள்வி எழும். அமைதியான ஓரிடம் தரலாம். விழா நாளில் ஒலிபெருக்கி முழங்கட்டும்; வேண்டியதே. ஏனைய நாள்களிலும் காலை முதல் இரவு வரை பாட்டு ஒலித்துக்கொண்டே இருந்தால், பிரகாரத்தில் ஒரு மூலையில் அமர்ந்து செபம் செய்ய விரும்பும் முதியவர் எங்கே போவார்? மாலைப் பூசைக்கு முன் கால்மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. நிர்வாகத்தினர் மனம்கொள்ள வேண்டும்.

வீட்டில் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் போதும். நாள்தோறும் ஒரே நேரம், ஒரே இடம். பூசையறை இல்லாத அடுக்குமாடி வீட்டில் ஒரு பாயின் அளவு இடம் இருந்தால் போதும். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். அருகில் கவிழ்த்து வைப்பது போதாது. முதுகு நிமிர்ந்து அமர்ந்து, மூச்சையோ ஐந்தெழுத்தையோ இட்ட தெய்வத்தின் பெயரையோ பற்றிக்கொள்ள வேண்டும். மனம் ஓடியது தெரிந்தவுடன், தன்னைத்தானே திட்டிக்கொள்ளாமல், திரும்ப வேண்டும். பிள்ளையை மட்டும் உட்காரச் செய்துவிட்டுத் தந்தை தொலைக்காட்சி பார்ப்பதில் பயனில்லை. கூடவே அமர்தல் வேண்டும். சேட்டை செய்ததற்குத் தண்டனையாக, "போய்த் தியானம் செய்" என்று அனுப்புவது எல்லாவற்றிலும் தீது. கடுமையான மனநோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்டே நீண்ட பயிற்சியில் இறங்க வேண்டும். மருந்தை நிறுத்துதல் கூடாது. தேர்வு முடிந்த மறுநாளும் பாய் விரிக்கப்படுகிறதா என்பதைப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவாமி சிவானந்தர் முறையில் ஓர் ஏடும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அத்தனை கேள்விகள் வேண்டா. பழைய பள்ளிக் குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் போதும்: நாள், அமர்ந்த நேரம், மனம் ஓடியதை அறிந்த முறைகள். மூன்றாம் கட்டத்தில் முதல் வாரம் இரண்டு, மூன்று என்றுதான் இருக்கும். பிள்ளை ஓட்டத்தைக் கவனிக்கப் பழகியதும் பதினைந்து, இருபது என்று ஏறும். அதனைக் கண்டு தாய்மார்கள் அஞ்ச வேண்டியதில்லை. அமராத நாளில் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட வேண்டும். மறுநாள் சேர்த்து எழுதக் கூடாது.